ரெண்டு சீட்டு வண்டி

ஒரு காருக்காகக் கல்யாணத்தை நிறுத்தியவள் என்று சோழவந்தானில் என்னைப் பற்றிப் பேச்சு. கோச்சடையிலும் அதே பேச்சுதான். நாங்கள் குடியிருப்பது அங்கே என்பதால் கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் கார் கேட்டார்கள், பெண் வீட்டாரால் கொடுக்க முடியவில்லை என்று ஒரு கட்சி. கார் கொடுத்தால்தான் தாலிக்குக் கழுத்தை நீட்டுவேன் என்று நான் அடம்பிடித்ததாக இன்னொரு கட்சி. இரண்டும் கட்டுக்கதை. ஆனால் நடுவில் ஒரு கார் இருந்தது உண்மை. அதை நினைத்தாலே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் நான் நிதானமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். வீட்டில் அப்பா, அம்மா, தம்பி. தம்பிக்கு இடது கால் பிறவியிலேயே சூம்பியது, விந்தித்தான் நடப்பான். தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறான். கால் போகாத இடத்துக்கெல்லாம் அவன் வாய் போகும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "தம்பிக்குக் கால்ல என்ன?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் இவனே, "நான் பொறந்தப்ப நல்ல ஜோடி ஸ்டாக் இல்லையாம் அத்தை, இருக்கிறதை மாட்டி அனுப்பிட்டாங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நல்ல மனுஷன் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர்கள். இப்போது ஹார்டுவேர் கடையும் சிமெண்டு வியாபாரமும். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. குடி கிடையாது, சிகரெட் கிடையாது. பைத்தியம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்று, ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி. அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர்களுக்கு இலவசமாக விளம்பரம் செய்ய அவர் ஒருத்தர் போதும்.

அந்தக் கம்பெனி கார் ஒன்று இவரிடம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். இவர் ஓட்டியது மாதத் தவணையில் வாங்கிய ஒரு சின்னக் கார். அதன் சாவிக்கொத்தில் அந்தக் கம்பெனியின் முத்திரை தொங்கும். பனியனில் அதே முத்திரை, பர்சில், போன் உறையில், தண்ணீர் பாட்டிலில். என் பிறந்தநாளைக்கு ஆசையாக ஒரு பார்சல் அனுப்பினார். பிரித்துப் பார்த்தால் அந்தக் கம்பெனியின் தொப்பி. நான் எந்தக் காலத்தில் தொப்பி போட்டேன்? கோச்சடையில் இருந்து பள்ளிக்கூடத்துக்கு டவுன் பஸ்சில் போகிற டீச்சர் அதைப் போட்டுக்கொண்டு வகுப்பில் நின்றால் பிள்ளைகள் என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

நிச்சயம் ஆனதில் இருந்து தினமும் சாயங்காலம் போன் செய்வார். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் மற்றவர்கள் என்ன பேசுவார்களோ, இவர் கம்பெனி வரலாறு பேசினார். ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊரில், ஒரு கொட்டகையில், ஒருத்தர் எஞ்சினைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார் என்று தொடங்கும். எங்கள் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற அண்ணனும் கொட்டகையில்தான் இருக்கிறார், அவருடைய வரலாற்றைச் சொல்லத்தான் ஆளில்லை. அப்புறம் கொட்டகைக்காரர் பந்தயத்துக்கு வண்டி செய்கிறார். தோற்கிறார், ஜெயிக்கிறார், கூட்டாளியோடு சண்டை போட்டுக்கொண்டு பிரிகிறார். யுத்தம் வந்து தொழிற்சாலையை மூடுகிறார்கள். யுத்தம் முடிந்ததும் திரும்பவும் பந்தயம். வளைவில் மோதிச் செத்துப்போனவர்களைப் பற்றிச் சொல்லும்போது இவருக்குக் குரல் கம்மிவிடும். கடைசியில் கம்பெனி நொடித்து, கை மாறி, இன்னொரு பெரிய கம்பெனியின் மடியில் போய் விழுகிறது. "பாரம்பரியம்மா, எம்புட்டுப் பெரிய பாரம்பரியம்!" என்று உருகுவார். உங்கள் வீட்டுக் கொடிக்காலுக்கு எந்த வாய்க்காலில் இருந்து தண்ணீர் வந்தது என்று ஒரு நாள் கேட்டேன். அதெல்லாம் அப்பாவுக்குத்தான் தெரியும் என்றார்.

வரலாறு முடிந்தால் 'கரண்ட் ரேஞ்ச்'. அதாவது இன்றைய தேதிக்கு அந்தக் கம்பெனி என்னென்ன வண்டி விற்கிறது என்ற பாராயணம். தரையோடு ஒட்டிக் கிடக்கிற ரெண்டு சீட்டு வண்டிதான் மூலவர். அதே வண்டியில் கூரை மடங்குகிற மாதிரி ஒன்று. அப்புறம் நாலு கதவு, நாலு சீட்டு வைத்து நீளமாக ஒன்று. "பின்னாடி ரெண்டு பேரு ராஜா மாதிரி காலை நீட்டிக்கிட்டு வரலாம்" என்று அவர் வாயாலேயே சொன்னார். அடுத்தது உயரமான குடும்ப வண்டி. பக்தர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாதாம், ஆனால் கம்பெனிக்குச் சோறு போடுவது அதுதானாம். கடைசியாகக் கரண்டில் ஓடுகிற வண்டி. அதில் எஞ்சின் சத்தமே வராதாம், வாங்குகிறவர்கள் வருத்தப்படக்கூடாது என்று ஸ்பீக்கரில் சத்தம் போட்டுக் காட்டுகிறதாம். இதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"நின்ன இடத்துல இருந்து மூணு செகண்டுல நூறு" என்பார் அடிக்கடி. காளவாசல் சிக்னல் நெரிசலில் எத்தனை செகண்டில் நூறு என்று கேட்டேன். "உனக்கு ரசனையே இல்லை" என்றார். சரி, இல்லை. எனக்கு வாய்த்தது டவுன் பஸ் ரசனை. தினம் குடித்துவிட்டு வருகிறவனுக்கு இந்தப் பைத்தியம் எவ்வளவோ தேவலை என்று அம்மா சொன்னாள். நானும் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. பெண்ணோடு பிறந்தவனுக்கு அன்றைக்குத்தான் மரியாதை. கோயிலில் மாப்பிள்ளைக்கு அவன்தான் மாலை போட வேண்டும். கையைப் பிடித்துக் காரில் ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து, மேளதாளத்தோடு மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். மாப்பிள்ளை தனியாக ஊர்வலம் வருகிற வழக்கம் கிடையாது. பக்கத்து இடம் மச்சினனுக்கு. அதைச் சித்தப்பா மகனுக்குக் கொடுப்பதற்கே பஞ்சாயத்து நடந்த குடும்பங்கள் எங்கள் சொந்தத்தில் உண்டு. கார் மட்டும் மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடு.

தன் கல்யாணத்துக்குத் தன் கனவு வண்டியில்தான் வருவேன் என்று இவர் முன்பே அறிவித்துவிட்டார். கோயம்புத்தூரில் அப்படிப்பட்ட கார்களை வாடகைக்கு விடுகிற இடம் ஒன்றைப் பிடித்திருந்தார். நிச்சயத்தன்று என் தம்பியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "மாப்ள, உன்னைய எப்படிப்பட்ட வண்டியில ஏத்துறேன்னு பாரு" என்றார். அது போதுமே. தம்பி ஆபீசில், டீக்கடையில், தெருவில், பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லித் தீர்த்தான். பட்டு வேட்டி சட்டை எடுக்க அவனோடு கடை கடையாக அலைந்தேன். கல்யாணப் பெண் நான்கூடப் புடவைக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே ரோட்டின் இரண்டு பக்கமும் பிளக்ஸ் வந்துவிட்டது. மதுரையில் காது குத்துக்கே பிளக்ஸ் வைக்கிறார்கள், இதற்கு வைக்காமல் இருப்பார்களா? கறுப்புக் கண்ணாடி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை. அவருக்கு முன்னால் அந்தக் கார், முகத்தை மட்டும் நீட்டி முறைத்துக்கொண்டு. 'வேகத்தின் விலாசமே' என்று நண்பர்கள் பட்டம் கொடுத்திருந்தார்கள். கீழே ஓரமாகத் தீப்பெட்டி அளவில் என் படம். கல்யாணம் அவருக்கும் காருக்கும்தான், நான் சாட்சிக் கையெழுத்துப் போட வருகிறேன் என்று தம்பியிடம் சொன்னேன்.

மாப்பிள்ளை அழைப்பன்று மத்தியானம் அந்தச் சிவப்பு வண்டி ஒரு லாரியில் வந்து இறங்கியது. "அம்புட்டு வேகமாப் போற வண்டி ஏன்டா லாரியில வருது?" என்று என் சித்தப்பா கேட்டார். மாப்பிள்ளையின் நண்பர்கள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கோயிலுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரே ஒரு வேகத்தடை. அதில் ஏறினால் வண்டியின் அடிவயிறு தட்டும் என்று கண்டுபிடித்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மணல் மூட்டைகளை அடுக்கிச் சரிவு கட்டினார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த ஆட்கள் ரோடு வேலை பார்த்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மண்டபத்துக்குள் பெரிய எல்இடி திரை வைத்து, மேலே பறக்கிற ட்ரோன் எடுப்பதை அப்படியே ஓடவிட்டார்கள். நான் பாதி அலங்காரத்தோடு மாடி வராண்டாவில் நின்று பார்த்தேன். கோயில் வாசல் தெரிந்தது. தம்பி மாலை போட்டான், கையைப் பிடித்தான், காருக்குக் கூட்டி வந்தான். மாப்பிள்ளை குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தார். தம்பி மறுபக்கம் சுற்றிப் போனான். அங்கே டிரைவர் உட்கார்ந்திருந்தார். தம்பி குனிந்து உள்ளே பார்த்தான். நிமிர்ந்தான். திரும்பவும் குனிந்து பார்த்தான். டிரைவருக்கு ஒரு சீட்டு, மாப்பிள்ளைக்கு ஒரு சீட்டு, அந்த வண்டியில் வேறு இடமே கிடையாது. யாரோ கதவைச் சாத்தினார்கள். செண்டை மேளம் தொடங்கியது. வண்டி உறுமிக்கொண்டு மேளக்காரர்களின் நடைக்கு ஊர்ந்தது. அதற்குப் பின்னால், பட்டு வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விந்தி விந்தி என் தம்பி நடந்து வந்தான். ட்ரோன் அவனை மேலே இருந்து விடாமல் காட்டியது. கீழே நாற்காலிகளில் இருந்தவர்கள், "தம்பி ஏன் நடந்து வாரான்?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டார்கள்.

முதலில் மறதி என்றுதான் நினைத்தேன். ஆசைப்பட்ட வண்டியைக் கண்டதும் மூளை வேலை செய்யவில்லை, மச்சினன் எங்கே உட்காருவான் என்று யோசிக்காமலே பிடித்துவிட்டார். மாப்பிள்ளை அழைப்புக்கு ரெண்டு சீட்டு வண்டி பிடிக்கிற முட்டாள் உலகத்தில் வேறு எங்கே கிடைப்பான்? ஆனால் முட்டாளை மன்னித்துக் கட்டிக்கொள்ளலாம். ஊரில் பாதிப் பெண்கள் அப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்கள்.

வாசலில் ஆரத்தி எடுத்து மாப்பிள்ளையை உள்ளே அழைத்துப் போனதும், தம்பியைத் தேடிப் பின்படி வழியாக இறங்கினேன். அங்கே அந்த வண்டி நின்றது. டிரைவர் அதன் மேல் ஒட்டியிருந்த பூவை எல்லாம் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி வண்டியில் உங்களிடம் ரெண்டு பேர் உட்காருவது மட்டும்தானா இருக்கிறது என்று கேட்டேன்.

"நாலு சீட்டு வண்டியும் இதே கம்பெனியில இருக்குதுங்க மேடம். எங்க கொட்டாய்ல சும்மாதானுங்க நிக்குது. வாடகையும் இதேதானுங்க. கல்யாண ஊர்வலம்னு சொன்னதும் நான் அதைத்தானுங்க எடுத்துக்கச் சொன்னேன். சார்தான் கண்டிப்பா ரெண்டு சீட்டுதான் வேணும்னுட்டாருங்க."

நேராக மாப்பிள்ளையின் அறைக்குப் போனேன். நண்பர்கள் அவருக்கு முகத்தில் பவுடர் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவர்களை அனுப்பினேன். நாலு சீட்டு வண்டி இருந்ததாமே என்று கேட்டேன்.

"அது நீளப் பயணத்துக்கு. இதுதான் ஒரிஜினல். இதுக்குத்தான் அந்த வரலாறே."

"என் தம்பி எங்க உக்காருவான்னு யோசிக்கலையா?"

அவர் கதவை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யோசிக்காம இருப்பேனா? யோசிச்சுத்தான் இதை எடுத்தேன். இங்க வந்து இறங்குறதுதான் வீடியோவுக்கே உயிரு. ஸ்லோ மோஷன்ல நான் இறங்கி நிக்கணும். அந்தப் பக்கம் உன் தம்பி கதவைப் பிடிச்சுத் தடுமாறி எந்திரிச்சா எப்படி இருக்கும், நீயே சொல்லு. அவன்கிட்ட வராதன்னு சொன்னா மனசு கஷ்டப்படுவான். வண்டியில சீட்டே இல்லைன்னா யாரும் யாரையும் குத்தம் சொல்ல முடியாதுல்ல?"

இதை அவர் ஒளிக்கக்கூட இல்லை. தன் சாமர்த்தியத்தை நான் மெச்சுவேன் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை மாதம் அந்தக் கம்பெனியைக் கரித்துக் கொட்டியது அநியாயம் என்று எனக்கு அப்போது தோன்றியது. அவர்கள் பாவம், பின்னால் ரெண்டு பேர் காலை நீட்டி உட்காருகிற வண்டியும் செய்துதான் வைத்திருக்கிறார்கள். வரலாறு முழுவதையும் மனப்பாடம் செய்த இந்த மனுஷன்தான், இருக்கிற வண்டிகளை எல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, என் தம்பிக்கு இடமில்லாத ஒன்றைப் பொறுக்கி எடுத்திருக்கிறார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

வெளியே வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றேன். அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. "தாயி, தம்பிக்கு நடந்தது தப்புதான். நான் ஒத்துக்கிறேன். ஆனா ஊரே வந்து உக்காந்திருக்கு. பந்தியில இலை போட்டாச்சு. விடிஞ்சா முகூர்த்தம். ஒரு வண்டியில இடமில்லைன்னு நின்ன கல்யாணம்னு சொன்னா, நாளைப் பின்ன உன்னைய யாரு கேட்டு வருவாக?" என்றார். கையெடுத்துக் கும்பிடாத குறை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் ஒன்றும் பெரிய தைரியசாலி கிடையாது. சரிப்பா என்று சொல்லிவிட்டேன். மேடை ஏறிவிடுவது என்றுதான் முடிவு செய்தேன். அதற்கு முன்னால் தம்பியை ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

சமையல்கட்டுக்குப் பின்னால், கை கழுவுகிற குழாய்க்குப் பக்கத்தில், ஒரு தாழ்ந்த படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "நல்ல வண்டிக்கா. பின்னாடியே நடந்தா மைலேஜ் அள்ளுது" என்றான். நான் சிரிக்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் என்றான். மாப்பிள்ளை என்னிடம் சொன்னதை நான் அவனிடம் சொல்லவில்லை. வண்டி பிடித்ததில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

"அது பரவால்லக்கா" என்றான். "பிளக்ஸ்ல பாத்தேன்ல, வண்டி தரையோட கிடந்துச்சு. அம்புட்டுத் தாழ்வா உக்காந்தா இந்தக் காலை வெச்சுக்கிட்டு எப்படி எந்திரிக்கிறதுன்னு எனக்கே ஒரே பயம். நான் தடுமாறி விழுந்தா உனக்குல்ல அசிங்கம். அதான் அம்மா காய் நறுக்க உக்கார்ற குட்டை ஸ்டூலை என் ரூமுக்குத் தூக்கிட்டுப் போயி, கதவைச் சாத்திக்கிட்டு, தினம் உக்காந்து உக்காந்து எந்திரிச்சுப் பழகினேன். முதல்ல விழுந்தேன். அம்மா என்னடா சத்தம்னாக, புஸ்தகம் விழுந்துச்சுன்னேன். இப்ப நல்லா வந்துருச்சுக்கா. கையே ஊன வேண்டாம். பாரு."

பாரு என்று சொல்லிவிட்டு, அந்தத் தாழ்ந்த படியில் இருந்து, குழாயையோ சுவரையோ தொடாமல், நல்ல காலை உள்ளே மடக்கி, ஒரே மூச்சில் எழுந்து நின்று காட்டினான். வேட்டி மடிப்புக்கூடக் கலையவில்லை.

நன்றாக எழுந்திருக்கிறாய் என்று சொன்னேன். அப்புறம் உள்ளே போய், அப்பாவிடம், வீட்டுக்குப் போகலாம்பா என்றேன்.